மின்னல் நகர்த்தும் ஒரே ஒரு எண்

கேள்வி: ஐயா, என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். ஒரு மின்னலைப் பிடித்தால் ஊருக்கே கரண்ட் கொடுக்கலாம் என்று ஏதோ வீடியோவில் பார்த்துவிட்டு, பழைய டிரான்ஸ்ஃபார்மரின் இரும்புக் கோரில் மோட்டார் செம்புக் கம்பியை 500 சுற்று சுற்றி வைத்திருக்கிறாள். மொட்டைமாடியில் 20 அடி ஜி.ஐ. பைப் நட்டாயிற்று. மின்னல் அந்தப் பைப்பில் இறங்கும்போது இந்த மின்காந்தம் கரண்ட்டை இழுத்து, கீழே ஹாலில் உள்ள இன்வெர்ட்டர் பேட்டரிக்கு அனுப்பிவிடும் என்கிறாள். பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு இதுதான் வேண்டுமாம். ஐப்பசி மழைக்குள் சுருளை மாட்டியாக வேண்டும் என்று நிற்கிறாள். இது நடக்குமா? ஆபத்து உண்டா? வேண்டாம் என்றால் அவள் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது?
– வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

சுருளை மாட்ட வேண்டாம். பைப்பிலிருந்து ஹாலுக்கு ஒரு கம்பிகூட இறங்கக் கூடாது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதை நிதானமாகப் பேசலாம்.

ஆனால் உங்கள் மகளிடம் "பைத்தியக்கார யோசனை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். மின்னலின் மின்னோட்டத்தாலேயே இயங்கும் சுருள் என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. நான் 30 வருடம் துணை மின்நிலையங்களில் வேலை பார்த்தவன். லைன் உள்ளே நுழையும் இடத்தில் ஒவ்வொரு ஃபேஸுக்கும் சர்ஜ் அரெஸ்டர் என்ற பீங்கான் தூண் நிற்கும். நாங்கள் எல்.ஏ. (லைட்னிங் அரெஸ்டர்) என்போம். மின்னல் லைனைத் தாக்கினால் அந்த அதிர்ச்சியை மண்ணுக்குள் தள்ளிவிடுவது அதன் வேலை. அதன் அடியிலிருந்து இறங்கும் எர்த் கம்பியில் உள்ளங்கை அளவில் ஒரு பெட்டி இருக்கும். அதுதான் சர்ஜ் கவுன்ட்டர். பழைய கவுன்ட்டர்களுக்கு பேட்டரியும் கிடையாது, சப்ளையும் கிடையாது. கம்பியில் பாயும் அதிர்ச்சி மின்னோட்டத்திலிருந்து ஒரு துளியை எடுத்து, உள்ளே இருக்கும் குட்டி மின்காந்தத்துக்குக் கொடுக்கும். அந்த மின்காந்தம் ஒரு பல் சக்கரத்தை இழுக்கும். கண்ணாடிக்குள் 0016 என்று இருந்தது 0017 ஆகும். காலை ஷிஃப்டில் போய் அந்த எண்ணைப் பார்த்து லாக் ஷீட்டில் எழுதுவோம். மழை இரவுக்கு மறுநாள் அதைப் பார்க்கப் போவதில் எனக்கு எப்போதும் ஒரு ஆசை உண்டு.

உங்கள் மகள் மனதில் வைத்திருக்கும் கருவியின் நெருங்கிய சொந்தக்காரன் அது. மின்னல் அதில் செய்து முடிக்கும் வேலை ஒரே ஒரு எண்ணை நகர்த்துவதுதான். ஏன் அதற்கு மேல் முடியவில்லை என்பதுதான் உங்கள் கேள்விக்கான உண்மையான பதில்.

அதற்கு முன் ஒரு சின்னத் திருத்தம். மின்காந்தம் கரண்ட்டை இழுக்காது. அதற்குள் கரண்ட் ஓடினால் அது காந்தமாகும், இரும்பை இழுக்கும், அவ்வளவுதான். அவள் நினைப்பது மின்தூண்டல். பக்கத்துக் கம்பியில் மின்னோட்டம் கூடிக் குறையும்போது, சுற்றியுள்ள காந்தப்புலமும் கூடிக் குறையும். அந்தப் புலத்துக்குள் ஒரு சுருள் இருந்தால் அதில் வோல்டேஜ் பிறக்கும். 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டது இதைத்தான். மின்னல் படு வேகமாகக் கூடிக் குறைவது. ஆகவே சுருளில் வோல்டேஜ் வரும் என்று அவள் சொல்வது சரி. தேவைக்கு மேலேயே வரும்.

இனி அந்த "ஊருக்கே கரண்ட்" கணக்கு. ஒரு மின்னலின் மொத்த ஆற்றல் 100 கோடி ஜூல் அளவில் இருக்கும் என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். வகுத்துப் பார்த்தால் சுமார் 278 யூனிட். இரண்டு மாதத்துக்கு ஒரு பில் வாங்கும் நம் ஊர் வீடு ஒன்றுக்கு அது ஒரு பில்லுக்கு ஆகும், ஊருக்கு ஆகாது. வீடியோவின் கணக்கு இங்கேயே உதிர்ந்துவிடுகிறது. ஆனால் அந்த 278 யூனிட்டும் பைப்பின் நுனிக்கு வந்து சேருவதில்லை என்பதுதான் பெரிய விஷயம். மேகத்திலிருந்து தரை வரை பல கிலோமீட்டர் காற்றைக் கிழித்துக்கொண்டு வர வேண்டும். அந்தப் பாதை சுமார் 30,000 டிகிரி வரை சூடேறுகிறது. நாம் பார்க்கும் வெளிச்சமும், கேட்டதும் "அர்ஜுனா, அர்ஜுனா" என்று பாட்டிகள் காதைப் பொத்திக்கொள்ளும் இடியும் அங்கே செலவாகும் ஆற்றல்தான். ஒரு குடம் தண்ணீரை மேகத்தின் உயரத்திலிருந்து கவிழ்த்தால், கீழே டர்பைன் வைத்துக் காத்திருப்பவனுக்கு என்ன மிஞ்சும்? பெரும்பகுதி வழியிலேயே சிதறிவிடும்.

குடம் என்றதும் வேறு ஒரு கணக்கு. உங்கள் கைபேசியில் 5,000 மில்லியாம்பியர்-மணி பேட்டரி இருந்தால், அதில் அடங்கும் மின்னூட்டம் 18,000 கூலும். ஒரே மின்னல் அடுத்தடுத்துப் பல அடிகளாக இறங்கலாம். அதில் முதல் அடி தரைக்குக் கொண்டு வருவது 5 கூலும் அளவுதான். கார்ல் பெர்கர் என்ற பொறியாளர் சுவிட்சர்லாந்தில் மோன்டே சான் சால்வடோரே மலை உச்சியில் கோபுரம் அமைத்து, 1940களிலிருந்து பல பத்தாண்டுகள் மின்னலை அளந்தார். உலகம் முழுக்க இடிதாங்கி வடிவமைப்பவர்கள் இன்றைக்கும் அவருடைய அளவுகளைத்தான் அடிப்படையாக வைத்திருக்கிறார்கள். அவர் கண்டபடி நடுத்தரமான முதல் அடியின் உச்சம் 30,000 ஆம்பியர். பாயும் பாதையில் இருக்கும் ஒவ்வொரு ஓம் மின்தடைக்கும் அது விட்டுச் செல்வது 55,000 ஜூல். நல்ல எர்த் குழி என்றால் 10 ஓமுக்குள் இருக்க வேண்டும். அந்த 10 ஓமில் இறங்குவது 5.5 லட்சம் ஜூல், அதாவது 0.15 யூனிட். ஒரு சீலிங் ஃபேன் இரண்டு மணி நேரம் ஓடும். ஒரு இழப்பும் இல்லாமல் அத்தனையையும் வழித்து எடுத்தால் கிடைப்பது இது.

"ஓமைக் கூட்டினால் அதிக ஜூல் கிடைக்குமே" என்று உங்கள் மகள் கேட்டால், அவள் பாடத்தைப் புரிந்து படித்திருக்கிறாள் என்று அர்த்தம். கேட்பாள் என்றுதான் நினைக்கிறேன். 30,000 ஆம்பியர் 10 ஓமில் பாய்ந்தால் பைப்பின் வோல்டேஜ் 3 லட்சம். 100 ஓம் வைத்தால் 30 லட்சம். வழியை இறுக்கினால் மின்னல் பொறுமையாக அந்த வழியே வராது. பக்கத்தில் உள்ள வயரிங், தண்ணீர்க் குழாய், ஈரச் சுவர், அதன் அருகே நிற்கும் ஆள் என்று எது சுலபமோ அதற்குத் தாவிவிடும்.

சரி, இப்போது சுருளுக்கு வருவோம். அவள் கோரைவிடப் பெரியதாகவே எடுத்துக்கொள்வோம். பைப்பைச் சுற்றி ஒரு இரும்பு வளையம், குறுக்கே வெட்டினால் 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர். எடை 70 கிலோ வரும். டிரான்ஸ்ஃபார்மர் இரும்புக்கு ஒரு கொள்ளளவு உண்டு. 2 டெஸ்லா அளவுக்குக் காந்தப்புலம் ஏறியதும் அது நிறைந்துவிடும். அதன் பிறகு மின்னோட்டம் எவ்வளவு கூடினாலும் அந்த இரும்பு உதவாது. 30,000 ஆம்பியருக்கு முன்னால் இந்த வளையம் எடுத்த எடுப்பிலேயே நிறைந்துவிடும். நிறைவதற்குள் பைப்பிலிருந்து சுருளுக்குக் கைமாறக்கூடிய ஆற்றலின் உச்சவரம்பைக் கணக்கிடுவது சுலபம். வளையத்தில் அடங்கும் காந்தப் பாயம், அதாவது 2 டெஸ்லாவை வெட்டுப்பரப்பான 0.01 சதுர மீட்டரால் பெருக்கினால் வருவது, 0.02 வெபர். அதை 30,000 ஆம்பியரால் பெருக்குங்கள். 600 ஜூல்.

அறுநூறுதான். கைபேசி பேட்டரி முழுதாகப் பிடிப்பது கிட்டத்தட்ட 70,000 ஜூல். எழுபது கிலோ இரும்பைத் தூக்கி மாடியில் வைத்து, மின்னல் வந்து குறி தப்பாமல் அந்தப் பைப்பிலேயே இறங்கி, அதற்குப் பிறகும் கைபேசியில் ஒரு சதவீதம் சார்ஜ்கூட ஏறாது. 500 சுற்றை 5,000 சுற்றாக்கினாலும் இந்த 600 மாறாது. வோல்டேஜ் கூடும், அதே பங்குக்கு ஆம்பியர் குறையும், அவ்வளவுதான்.

அந்த வோல்டேஜ்தான் எனக்குப் பயம். ஏறும் வேகத்தில் மின்னல் மைக்ரோ நொடிக்கு 10,000 ஆம்பியர் என்ற கணக்கில் பாயும். இரும்பே இல்லாமல், பைப்பிலிருந்து ஒரு சாண் தள்ளி, உள்ளங்கை அளவு சுருளை வைத்தாலே ஒரு சுற்றுக்கு நூறு வோல்ட் அளவில் தூண்டப்படும். 500 சுற்று என்றால் 50,000 வோல்ட் அளவுக்கு வரும். பழைய மோட்டாரிலிருந்து உரித்த கம்பியின் இனாமல் இதைத் தாங்காது. சுற்றுக்குச் சுற்று பொறி பறந்து சுருள் கருகிவிடும். பைப்பும் சும்மா இருக்காது. வெறும் கம்பிதானே என்று நினைக்கிறோம். இந்த வேகத்தில் ஒரு மீட்டர் பைப்பின் இரு முனைகளுக்கு இடையே 10,000 வோல்ட் நிற்கும். இத்தனைக்கும் பிறகு மிச்சமிருப்பது 12 வோல்ட் பேட்டரிக்குப் போய்ச் சேர வேண்டும். பேட்டரியில் நடப்பது ரசாயன வேலை. அதற்கு மணிக்கணக்கில் அவகாசம் வேண்டும், மின்னல் கொடுப்பதோ நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு.

மின்னல் உங்கள் வீட்டுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும் என்பதையும் கேட்க வேண்டும். 10 மீட்டர் நீளம், அகலம், உயரம் உள்ள வீடு, சதுர கிலோமீட்டருக்கு வருடம் 5 மின்னல் தரையிறங்கும் ஊர் என்று வைத்துக்கொண்டால், இடிதாங்கிப் பொறியாளர்கள் போடும் கணக்குப்படி 50 வருடத்துக்கு ஒருமுறை. சுவிட்சர்லாந்தின் ஸாண்டிஸ் மலை உச்சியில் 124 மீட்டர் உயரக் கோபுரம் ஒன்று இருக்கிறது, வருடம் சுமார் 100 தடவை அடி வாங்கும். 2021இல் அங்கே லேசர் கதிரால் மின்னலின் பாதையையே வளைத்துக் காட்டினார்கள். அப்பேர்ப்பட்ட கோபுரத்திலும் என் 0.15 யூனிட் கணக்கைப் போட்டால் வருடத்துக்கு 15 யூனிட். உங்கள் மாடியில் ஒரு கிலோவாட் சோலார் பேனல் நான்கே நாளில் அதைக் கொடுத்துவிடும்.

பெரியவர்களும் இந்த ஆசையில் இறங்கித்தான் பார்த்தார்கள். 2007இல் அமெரிக்காவில் ஒரு நிறுவனம் கோபுரமும் மின்தேக்கியும் வைத்து மின்னலைப் பிடிக்க முயன்றது. செயற்கை மின்னலில் 60 வாட் பல்பு ஒன்றை 20 நிமிடம் எரிய வைத்த ஒரு யோசனையை நம்பித்தான் இறங்கினார்கள். நிஜ மின்னலுக்குச் சரிவரவில்லை, விட்டுவிட்டார்கள். 2013இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் 2 லட்சம் வோல்ட் தீப்பொறியை 30 சென்டிமீட்டர் இடைவெளியில் தாவவிட்டு, அதிலிருந்து ஒரு நோக்கியா கைபேசியை சார்ஜ் செய்து காட்டினார்கள். உங்கள் மகள் பார்த்த வீடியோ இதைப் பார்த்துக் கிளம்பியதாகக்கூட இருக்கலாம். ஆய்வுக்கூடத்தில் பொறியை நாம் சொல்கிற நேரத்துக்கு, நாம் சொல்கிற அளவில் விடலாம்.

இவற்றையெல்லாம்விட என்னை உலுக்குவது 1920களின் கதை. பெர்லினைச் சேர்ந்த பிராஷ், லாங்கே, உர்பன் என்ற மூன்று இளம் இயற்பியலாளர்கள், ஆல்ப்ஸில் மோன்டே ஜெனரோசோ என்ற மலையில் இரண்டு முகடுகளுக்கு நடுவே கம்பி கட்டி, இடிமேகத்தின் வோல்டேஜைப் பிடித்தார்கள். அவர்கள் கேட்டது யூனிட் அல்ல. அணுவைப் பிளக்கப் பல லட்சம் வோல்ட் வேண்டியிருந்தது. பல மீட்டர் நீளப் பொறி கிடைத்தது. ஆனால் 1928இல் உர்பன் அந்த மலையிலிருந்து விழுந்து இறந்தார். மற்ற இருவரும் மலையை விட்டு இறங்கி, பெர்லினில் செயற்கையாக வோல்டேஜ் உண்டாக்கும் கருவிக்கு மாறிவிட்டார்கள்.

இன்னொருவரைப் பற்றியும் அவளிடம் நீங்கள் சொல்லியே ஆக வேண்டும். கூரையில் இரும்புக் கம்பி, அதிலிருந்து வீட்டுக்குள் ஒரு இணைப்பு, முனையில் ஒரு கருவி. உங்கள் வீட்டுத் திட்டம் மாதிரியே இருக்கிறதல்லவா? 1753இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் ரிக்மன் என்ற பேராசிரியர் இதைத்தான் வைத்திருந்தார். எர்த் கிடையாது, அளவு பார்ப்பதற்காகவே. இடி மழை வந்ததும் அளவைப் படிக்கக் குனிந்தார். கருவியிலிருந்து நெற்றிக்குத் தாவிய மின்னல் அவரை அங்கேயே கொன்றது. காற்றாடி விட்ட ஃபிராங்க்ளினை எல்லாப் புத்தகமும் சொல்கிறது, ரிக்மனை அவ்வளவாகச் சொல்வதில்லை. இந்தியாவில் இன்றைக்கும் மின்னல் வருடத்துக்கு 2,000 பேருக்கு மேற்பட்டவர்களைக் கொல்கிறது. பெரும்பாலும் வயல்வெளியில், மரத்தடியில். வீட்டு ஹாலுக்குள் நாமே கம்பி போட்டு அதை அழைத்து வர வேண்டாம்.

அப்படியானால் கண்காட்சிக்கு என்ன செய்வது? அவளுடைய 500 சுற்றுக் கம்பி வீணாகாது. மின்னலிடமிருந்து காந்தம் ஆற்றலை வாங்க முடியாது, ஆனால் மின்னல் எவ்வளவு பெரியது என்று சொல்லிவிடும். 1890களின் இறுதியில் ஜெர்மனியைச் சேர்ந்த ஃப்ரீட்ரிக் பொக்கல்ஸ் இதைக் கண்டுபிடித்தார். மின்னல் இறங்கும் இடத்துக்கு அருகில் இருக்கும் கருங்கல் மாதிரியான எரிமலைப் பாறையில், மின்னல் போன பிறகும் கொஞ்சம் காந்தம் தங்கிவிடும். அந்த மிச்சக் காந்தத்தை அளந்து, பாய்ந்தது எத்தனை ஆம்பியர் என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டார். பிற்பாடு மின்கோபுரங்களில் சிறு எஃகுத் துண்டுகளைக் கட்டிவைத்து, மழைக்காலம் முடிந்ததும் கழற்றி அளந்தார்கள். ஆயிரக்கணக்கான மின்னல்களுக்குக் கணக்கு கிடைத்தது இப்படித்தான்.

இதை மேஜை மேலேயே செய்யலாம். பேனாக் குழல் ஒன்றில் 300 சுற்று சுற்றட்டும். உள்ளே புதுத் தையல் ஊசி ஒன்று. ஒரு டார்ச் செல்லை ஒரே நொடி தொட்டு எடுக்க வேண்டும். அதற்கு மேல் வைத்தால் கம்பி சுடும். ஊசியை எடுத்து, திசைகாட்டியிலிருந்து அளந்து வைத்த ஒரு தூரத்தில் நீட்டி, முள் எத்தனை டிகிரி திரும்புகிறது என்று குறிக்கட்டும். அடுத்து இரண்டு செல், மூன்று, நான்கு. ஒவ்வொரு தடவையும் புது ஊசி. வரைபடம் போட்டால் முதலில் ஏறும். போகப் போக ஏற்றம் தணிந்து, ஊசி "போதும்" என்று சொல்வது மாதிரி கோடு படுத்துவிடும். மாடியில் அவள் கோருக்கு நேர்ந்திருக்கக்கூடிய அதே நிறைவு, ஒரு ஊசிக்குள். அப்புறம், எத்தனை செல் என்று அவளிடம் சொல்லாமல் தொட்டு எடுக்கும்படி நண்பர் ஒருவரிடம் சொல்லிவிட்டு, ஊசியை மட்டும் பார்த்து எத்தனை செல் என்று அவள் சொல்லட்டும். பொக்கல்ஸ் செய்தது அதுதான். நடுவராக நான் வந்திருந்தால் இதற்குத்தான் மதிப்பெண் போடுவேன்.

நிஜ மின்னலும் வேண்டும் என்று அடம்பிடித்தால் பழைய மீடியம் வேவ் ரேடியோ ஒன்றைத் தேடிக் கொடுங்கள். ஸ்டேஷன் இல்லாத இடத்தில் முள்ளை வைத்து, செல்லில் ஓடவிட்டு, ஜன்னலிலிருந்து தள்ளி உட்கார்ந்து கேட்கட்டும். தூரத்தில் மின்னும் ஒவ்வொரு மின்னலுக்கும் கரகரவென்று ஒரு சத்தம் வரும். அந்த நொடியிலிருந்து இடி கேட்கும் வரை எண்ணி, மூன்றால் வகுத்தால் எத்தனை கிலோமீட்டர் என்று தெரிந்துவிடும். இடி கேட்க ஆரம்பித்துவிட்டால் மாடிப் பக்கம் யாரும் போகக் கூடாது, துணி எடுக்கக்கூட.

ஊரில் துணை மின்நிலையம் இருந்தால், பள்ளி மூலமாக அனுமதி கேட்டு ஒரு நாள் அழைத்துப் போங்கள். எல்.ஏ. அடியில் இருக்கும் கவுன்ட்டரைக் காட்டச் சொல்லுங்கள். கேட்கிற பிள்ளைக்கு எங்கள் ஆட்கள் சந்தோஷமாகவே விளக்குவார்கள்.

கடைசியாக அந்த 20 அடி ஜி.ஐ. பைப். எர்த் இல்லாமல் மாடியில் நிற்கும் பைப் இடிதாங்கி அல்ல, வெறும் அழைப்புக்கடிதம். இடிதாங்கி வேண்டும் என்று நினைத்தால் ஐ.எஸ்./ஐ.இ.சி. 62305 என்ற மின்னல் பாதுகாப்புத் தரவிதி தெரிந்த ஆளை வைத்து, எர்த் குழியோடு முறையாகப் போடுங்கள். இல்லையென்றால் இந்த வாரமே, வெயில் அடிக்கும் ஒரு காலையாகப் பார்த்து, பைப்பை இறக்கிவிடுங்கள். இறக்கும்போது தெரு மின்கம்பியில் படாமல் பார்த்துக்கொள்ள இரண்டு பேர் பிடிக்க வேண்டும்.